யார் கல்யாணத்துக்கு இந்தச் சாக்லேட்?

அத்தியாயம் பதினேழு

மின்சாரம் போனபோது மெர்ரிலின் கடைசித் தட்டு ஆப்ரிகாட்டைச் சாக்லேட்டில் முக்கிக்கொண்டிருந்தாள்.

ஏசி ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அதன் பின்னாலேயே ஃபிரிட்ஜும் அடங்கிப்போனது. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி வெயில். எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் ஜனவரிதான் உச்சக் கோடை, இப்படித்தான் கொளுத்தும். ஊரே ஒன்றாக ஏசியைப் போட்டால் மின்கம்பிதான் பாவம், என்ன செய்யும்?

"போச்சுடா!" என்றாள் மெர்ரிலின். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

இந்த வேலையை இழுத்துவிட்டவள் அவள் மகள் டாம்சின். போன வாரம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம்மா. உன் கையால பண்ண ஆப்ரிகாட் சாக்லேட்தான் வேணுமாம்" என்று கொஞ்சியது உங்களுக்கு நினைவிருக்கும். யார் அந்தப் பெண் என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியாதும்மா, புதுசா வந்தவ" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

கணவன் ராஸ் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. அதிலிருந்து மெர்ரிலினுக்கு எல்லாமே மகள்தான். டாம்சின் ஒன்று கேட்டு அவள் மறுத்ததில்லை.

அதனால் வியாழனும் வெள்ளியும் அடுப்படியிலேயே கழிந்தன. தன் தோட்டத்து ஆப்ரிகாட்டைத் தானே வெயிலில் காயவைத்து எடுத்தவள் அவள். சாக்லேட்டை உருக்கி, ஆறவிட்டு, மறுபடி லேசாகச் சூடுகாட்டி, விரல் பட்டால் சில்லென்று ஒட்டும் பதத்தில் ஒவ்வொரு பழமாக முக்கி எடுத்தாள். பாதிக்குச் சாக்லேட், மீதிப் பாதி பழத்தின் ஆரஞ்சு நிறம். ஈரம் காயும் முன் மேலே ஒரு வறுத்த பாதாம் சீவல். இதைத் தவிர, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு வட்டங்கள் தனி. ஞானஸ்நானமோ இருபத்தொன்றாவது பிறந்தநாளோ, மெர்ரிலினின் தட்டு வராத விசேஷம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

இப்போது அத்தனை தட்டுகளும் ஒவ்வொரு நிமிடமும் சூடாகிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் சாக்லேட் வியர்க்கும். வியர்த்துக் காய்ந்தால் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். கல்யாண மேஜையில் அதை வைத்தால் யாருக்கு அவமானம்?

டாம்சினுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு வந்து தானே எடுத்துப்போவதாக டாம்சின் சொல்லியிருந்தாள். "நீ அலையாதேம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். ஆனால் அக்கரையில் இருக்கும் படகுத்துறை மண்டபத்தில் கல்யாணம் என்று பேச்சுவாக்கில் வாயை விட்டிருந்தாள். அந்த மண்டபத்தில் குளிர் அறை உண்டு என்பது மெர்ரிலினுக்குத் தெரியும்.

காரை இயக்கி ஏசியை முழுதாக வைத்தாள். கார் குளிர்ந்ததும் தட்டுகளைப் பின்னால் அடுக்கி, மேலே வெயில் படாமல் வெள்ளைத் தாள் போர்த்திக் கிளம்பினாள்.

ஆற்றைக் கடக்க மிதவைதான். கார்களை ஏற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்து இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் தட்டைப் படகு. அதை ஓட்டும் நெவில், மெர்ரிலினோடு பள்ளியில் படித்தவன்.

"என்ன மெர்ரி, இந்த வெயில்ல?" என்று ஜன்னலில் குனிந்தவன், பின்சீட்டைப் பார்த்தான். "ஓ, சாக்லேட்டா! யார் வீட்டு விசேஷம்?"

"டாம்சின் ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்குக் கல்யாணமாம். படகுத்துறை மண்டபத்துல."

நெவில் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு, "சரி, சரி" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சரிபார்க்கப் போனான். வழக்கமாகத் தட்டில் ஒன்றைத் தூக்காமல் விடமாட்டான். இன்று கேட்கக்கூட இல்லை. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மெர்ரிலின்.

மண்டபத்தின் பின்பக்கம் வாகனங்கள் நிற்கும் இடத்தில் காரை நிறுத்தி, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோது குரைப்புச் சத்தம் கேட்டது. ஒரு நாய் பாய்ந்து வந்தது. வயதான நாய், பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். ஆனாலும் பாய்ந்து வந்து அவள் முழங்காலில் மோதி, வாலை ஆட்டி, ஊளையிட்டு, சுற்றிச் சுற்றி வந்தது.

"டிங்கர்! டேய், கிட்ட வராதே, உனக்குச் சாக்லேட் ஆகாது!" என்று பழக்கதோஷத்தில் தட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

டிங்கர். அவள் குட்டியாக எடுத்து வளர்த்த டிங்கர். பிரிந்துபோகும்போது, "நாயை மட்டும் எனக்குக் கொடுத்துடு" என்று கேட்டு ராஸ் கூட்டிப்போன டிங்கர்.

அதன் கழுத்தில் வெள்ளைப் பட்டு ரிப்பன் கட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு அலங்காரம்.

மண்டபத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் கை நிறைய ரோஜாக்களோடு வெளியே வந்தாள். மெர்ரிலினின் தங்கை லொரெல். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"மெர்ரி! நீ ஏன் வந்தே? டாம்சின்தானே வந்து..."

"கரண்ட் போயிடுச்சு."

"சரி, உள்ள வா. வெயில்ல நிக்காதே."

"டிங்கர் கழுத்துல ஏன் ரிப்பன் கட்டியிருக்கு, லொரெல்?"

லொரெல் ரோஜாக்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ராஸுக்கா கல்யாணம்?"

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம், மெர்ரி. முடிஞ்சதும் பக்குவமா சொல்லிடலாம்னு..."

"இருந்தோம்னா? யார் யார்?"

"எல்லாரும்தான்" என்றாள் லொரெல் மெல்ல. "நீ மனசு உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தோம். அவன் இப்போ நகரத்துல இருக்கான், கல்யாணம் முடியற வரைக்கும் உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சோம். ஆனா அவன் சிநேகிதங்க எல்லாரும் இந்த ஊர்ல இருக்காங்களே, அதான் கல்யாணத்தை இங்க வெச்சான்."

மெர்ரிலின் உள்ளே போய்த் தட்டைச் சமையல் மேடையில் வைத்தாள். வைத்த வேகத்தில் ஓரத்து ஆப்ரிகாட் ஒன்று உருண்டது. அதை எடுத்து வரிசையில் வைத்தாள்.

"இதைக் கேளு லொரெல். அவன் கல்யாணம் பண்ணிக்கறது அவன் இஷ்டம். கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சாச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா, 'எங்கயாவது நல்லா இரு'ன்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்து கிரிக்கெட் பார்த்திருப்பேன். ஆனா ஏன்டி என் கையால இதைப் பண்ண வெச்சீங்க? நான் ரெண்டு நாளா நின்னு நின்னு கால் வீங்கிக் கிடக்கேன். யாரோ சின்னப் பொண்ணு, நல்லா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணா வாழ்த்தி வாழ்த்தி முக்கினேன்டி!"

லொரெலின் கண்ணில் நீர் முட்டியது. "அது என் யோசனை இல்ல. சத்தியமா. ராஸ்தான் உன் சாக்லேட்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சான். டாம்சின், 'நான் கேட்டு வாங்கித் தர்றேன்'னா."

டாம்சின்.

அந்தப் பெயரை மெர்ரிலின் இவ்வளவு நேரமும் நினைக்காமல் தள்ளி வைத்திருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்ட கை. கன்னத்தில் கொடுத்த முத்தம். புதுசா வந்தவ என்ற வார்த்தை.

அப்போது கூடத்துப் பக்கமிருந்து இன்னொருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முடி சுருட்டும் குழல்கள், மேலே பருத்தி அங்கி, காலில் ரப்பர் செருப்பு. மேடையிலிருந்த தட்டைப் பார்த்தாள், பிறகு மெர்ரிலினைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க மெர்ரிலின்தானே? நான் அன்னிக்கா."

பதிலுக்குக் காத்திராமல் வந்து கட்டிக்கொண்டாள்.

"நீங்களே வந்து கொடுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க. கல்யாணத்துக்கு நானே பண்ணித் தர்றேன்னு நீங்க சொன்னதா ராஸ் சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்? எங்க அம்மாகிட்டகூடச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்."

லொரெல் தரையைப் பார்த்தாள்.

மெர்ரிலின் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கள்ளம் இல்லை. ஒரு பொய்யைச் சொல்லி, 'ஆமாம்மா, நல்லா இரு' என்று போய்விடலாம். எல்லோரும் அவளுக்காக ஒரு பொய்யைச் சமைத்து வைத்திருந்தார்கள். அதைத் தட்டில் பரிமாற வேண்டியதுதான் பாக்கி.

"நான் அப்படி எதுவும் சொல்லலைம்மா" என்றாள். "இது ராஸ் கல்யாணம்னு எனக்கு இப்பத்தான் தெரியும். நாயைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அன்னிக்காவின் கைகள் தளர்ந்தன. "என்ன சொல்றீங்க?"

"என் மக ஆபீஸ்ல யாருக்கோ கல்யாணம்னு சொல்லிப் பண்ணச் சொன்னா. நானும் பண்ணினேன்."

அன்னிக்கா லொரெலைத் திரும்பிப் பார்த்தாள். லொரெல் நிமிரவே இல்லை.

"ஏன்?" என்றாள் அன்னிக்கா. குரல் சிறுத்துவிட்டது. "நான் கேட்கவே இல்லையே. இந்தச் சாக்லேட் எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு மட்டும்தான் சொன்னேன். அந்தப் படகுல முதல் தடவை சாப்பிட்டதுலேர்ந்து."

"எந்தப் படகு?"

"வாடகைக்கு எடுக்கற படகு வீடுங்க. நாலு வருஷம் முன்னாடி, ஈஸ்டர் லீவுல. நான் என் தோழிங்களோட வந்திருந்தேன், ராஸ் படகு பக்கத்துல நின்னுது. அங்கதானே நாங்க பழக ஆரம்பிச்சதே. டாம்சின்தான் டப்பாவைத் திறந்து எனக்கு முதல் ஆப்ரிகாட்டைக் கொடுத்தா."

மெர்ரிலினுக்கு அந்த டப்பா தெரியும். அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள். அந்த ஈஸ்டரில் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். படகுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது, வீணாக்க வேண்டாம், அப்பாவும் பெண்ணுமாகப் போய் மீன் பிடித்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் இருவரையும் அனுப்பி வைத்தாள். ஆஸ்பத்திரியில் தன் அப்பாவின் கட்டிலருகே அவள் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய ஆப்ரிகாட் அங்கே விருந்தாகியிருக்கிறது.

"அந்த ஈஸ்டர்ல ராஸ் என் புருஷன்மா" என்றாள். "ஆகஸ்ட்லதான் வீட்டை விட்டுப் போனான்."

"இல்லைங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா ஆயாச்சுன்னு சொன்னாரே."

"ஒரே கட்டில்ல தனித்தனியாவா?"

அன்னிக்கா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முடிக்குழல் ஒன்று அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"நான் அவர் பேச்சை மட்டும் நம்பலைங்க" என்றாள், யாரிடமோ வழக்காடுவதுபோல. "எனக்கும் வயசாச்சு, ஏமாறக் கூடாதுன்னு டாம்சின்கிட்ட தனியா கேட்டேன். அன்னிக்கு ராத்திரியே கேட்டேன். 'அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, அம்மாவுக்கு ஒண்ணும் வருத்தமில்ல'ன்னு அவதான் என் கண்ணைப் பார்த்துச் சொன்னா."

மெர்ரிலின் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவன் செய்தது பழைய காயம். அது ஆறித் தழும்பாகிவிட்டது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தாள். இது வேறு. இது கத்தியைப் பிடித்த இன்னொரு கை. அவள் கையைப் பிடித்து நடைபழகிய கை.

பிறகு அன்னிக்கா எழுந்து, மேடையிலிருந்த தட்டை எடுத்தாள்.

"இதை நான் என் கல்யாண மேஜையில வைக்க மாட்டேங்க. உங்களுக்குத் தெரியாம வாங்கின வாழ்த்து எனக்கு வேண்டாம். உங்க கார் எங்க?"

அங்கியும் ரப்பர் செருப்புமாக மணப்பெண் தட்டைச் சுமந்து வெயிலில் நடந்தாள். பின்னால் மெர்ரிலின். வாகனங்கள் நிற்கும் இடத்தில், ஐஸ் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ராஸ் எதிரே வந்தான். கல்யாணக் கால்சட்டை, மேலே பழைய பனியன். இரண்டு பெண்களையும் ஒன்றாகப் பார்த்ததும் மூட்டையை இறக்கினான்.

முதலில் அவன் கண் போனது தட்டின் மேல்தான்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க? வர்றவங்களுக்கு வைக்கணுமே!"

அன்னிக்கா அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "உள்ள போங்க, ராஸ். நான் வந்து பேசறேன்."

"மெர்ரி, நீ என்ன சொன்னே இவகிட்ட? இங்க பாரு, நானே உன்கிட்ட வந்து சொல்லணும்னுதான்..."

"எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் மெர்ரிலின், காரின் பின்கதவை மூடியபடி. "அவளுக்குச் சொல்லவே உனக்கு நிறைய பாக்கி இருக்கு. ஐஸ் உருகுது பாரு."

அவள் காரை இயக்கிய நேரத்தில் ஒரு சின்ன சிவப்புக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. டாம்சின் இறங்கினாள். மணப்பெண் தோழிக்கான நீல கவுன், சலூனில் அலங்கரித்த தலை. அம்மாவின் காரைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. ஓடிவந்து அம்மாவின் காரில் முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"அம்மா, நில்லு. நான் சொல்றதைக் கேளு."

மெர்ரிலின் நிற்கவில்லை. ஓட்டினாள்.

ஆற்றுத்துறை வரை மகள்தான் பேசினாள். "அப்பா கெஞ்சினார்மா. அன்னிக்காவுக்கு உன் சம்மதம் இருந்தா நிம்மதியா இருக்கும்னார். உன்கிட்ட கேட்டா நீ ஒத்துக்க மாட்டே. யாருக்கும் வலிக்காம முடிச்சுடலாம்னு பார்த்தேன். நான் பண்ணினது தப்புதான். ஆனா கெட்ட எண்ணத்துல பண்ணல."

மிதவை எதிர்க்கரையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. மெர்ரிலின் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள்.

"ஈஸ்டர் அன்னிக்கும் கெட்ட எண்ணம் இல்லையா?" என்று கேட்டாள்.

டாம்சின் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டப்பாவைத் திறந்து நீதான் கொடுத்தியாமே. அன்னிக்கா சொன்னா."

"அம்மா..."

"சொல்லு. நான் இன்னிக்குக் கேக்கறதுக்குத்தான் வந்திருக்கேன்."

டாம்சின் அழ ஆரம்பித்தாள். கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது. "எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசும்மா. அப்பா என் முன்னாடி அழுதார். அதுவரைக்கும் அப்பா அழுது நான் பார்த்ததே இல்ல. 'எனக்குக் கிடைச்ச ஒரே சந்தோஷம், நீ கெடுத்துடாதே'ன்னார். அவ வந்து கேட்டப்போ வாயில அதுதான் வந்தது. தாத்தா வேற சாகக் கிடந்தார். உன்கிட்ட எப்படிச் சொல்ல? அப்புறம் நாள் ஆக ஆக சொல்லவே முடியல."

மிதவை கரை தொட்டது. காரை ஏற்றினாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பத்து வண்டி ஏறியது. ஆற்றில் குளித்த ஈரத்தோடு மூன்று குழந்தைகள். மீன்பிடிக் கம்புகளோடு இரண்டு ஆண்கள் இன்னொரு வண்டியில்.

நெவில் கதவைப் பூட்டிவிட்டு வந்தான். மெர்ரிலின் கண்ணாடியை இறக்கினாள்.

"உனக்கும் தெரியும், இல்ல?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "ஊருக்கே தெரியும், மெர்ரி. போகும்போதே சொல்லியிருக்கணும். வாய் வரல. மன்னிச்சுடு."

அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். அத்தனை தடவை கதவைத் திறந்து மூடியதில் சாக்லேட்டின் பளபளப்பு மங்கத் தொடங்கியிருந்தது. தாளை விலக்கித் தட்டைக் கையில் எடுத்தாள்.

"பசங்களா, இங்க வாங்க. இது யாருக்கு வேணும்?"

குழந்தைகள் ஓடிவந்தார்கள். அவர்கள் அம்மா, "ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்று கத்தினாள்.

"வேணும்கிற அளவு எடுக்கட்டும்மா" என்றாள் மெர்ரிலின்.

மீன்பிடிக்கிறவர்களும் வந்தார்கள். ஒருவன் வாய் நிறைய மென்றபடி, "என்னங்க விசேஷம்? பொறந்த நாளா?" என்று கேட்டான்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா?"

"அடேயப்பா! எங்க வாங்கினீங்க?"

"நான்தான் பண்ணினேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. தட்டை நெவிலிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியோரம் போய் நின்றாள். டாம்சின் பின்னால் வந்து நின்றாள். பழுப்புத் தண்ணீர் மிதவையின் அடியில் மெதுவாக ஓடியது.

"டாம்சின், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் திரும்பாமலேயே. "அந்த ஆகஸ்ட்ல அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, நான் உன் மடியில தலை வெச்சுக்கிட்டுக் கேட்டேனே, நான் என்னடி தப்புப் பண்ணேன்னு. ஞாபகம் இருக்கா?"

டாம்சின் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்மா."

"'நீ எப்பவும் அடுப்படியிலயே இருந்துட்டேம்மா, சாக்லேட்டு சாக்லேட்டுன்னு. அப்பாவைக் கவனிக்கவே இல்ல'ன்னு சொன்னே. நான் நம்பினேன்டி. ஒரு வருஷம் சாக்லேட் உருக்கற பாத்திரத்தையே தொடல. ராத்திரி படுத்தா, இதனாலதானே போனான், இதனாலதானேன்னு ஓடும். உனக்கு உண்மை தெரியும். தெரிஞ்சே என் தலையில அதைக் கட்டினே."

டாம்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "அந்த நிமிஷத்துல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"'தெரியலம்மா'ன்னு சொல்லியிருக்கலாம். அது போதுமே."

மிதவை கரையில் முட்டி நின்றது. நெவில் கதவைத் திறந்தான். மெர்ரிலின் காருக்குப் போய் உட்கார்ந்தாள். டாம்சின் மறுபக்கம் வந்து கதவின் பிடியில் கை வைத்தபோது, உள்ளிருந்து அது பூட்டியிருந்தது.

"நீ இதுலயே திரும்பிப் போ" என்றாள் மெர்ரிலின், பாதி இறக்கிய கண்ணாடி வழியாக. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் டாம்சினைப் பயமுறுத்தியது. "அங்க உன்னைத் தேடுவாங்க. உன் அப்பாவுக்கு இன்னிக்கு நீ வேணும்."

"எப்போ வீட்டுக்கு வரட்டும்மா?"

"நான் கூப்பிடறேன். நானா கூப்பிடற வரைக்கும் வராதே."

காரைக் கரையேற்றி, சரிவின் மேல் நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள். காலி மிதவை மறுபடி கிளம்பியிருந்தது. அதில் நீல கவுன் மட்டும் தனியாக நின்றது. நெவில் மறுபுறம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதுதான் மெர்ரிலின் அழுதாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, யாரும் பார்க்காத அழுகை.

பக்கத்து இருக்கையில் ஏதோ அதிர்ந்தது. டாம்சின் விட்டுப்போன கைப்பேசி. திரையில் அன்னிக்காவின் பெயர். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"டாம்சின், உங்க அம்மா வீடு எங்க இருக்கு, சொல்லு."

"நான் மெர்ரிலின் பேசறேன்."

மறுமுனையில் எங்கோ தூரத்தில் ராஸ் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"நான் அவர்கிட்ட கேட்டேங்க" என்றாள் அன்னிக்கா. "ஈஸ்டர் பத்தி மட்டும்தான் கேட்டேன். அவர் வேற ஒண்ணைச் சொல்லிட்டார். அதைப் போன்ல சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியணும். நான் அங்க வரலாமா? இந்த ஊர்ல எனக்கு வேற யாரையும் தெரியாது."

மெர்ரிலின் ஆற்றைப் பார்த்தாள். மிதவை நடு ஆற்றைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மகள் அந்தத் துறையில் இறங்குவாள். அதே துறையில்தான் அன்னிக்காவும் ஏற வேண்டும்.

"மிதவையில ஏறி இந்தப் பக்கம் வாம்மா" என்றாள். "நான் கரையிலயே இருக்கேன்."

கைப்பேசியை வைத்துவிட்டு, காரை ஒரு யூகலிப்டஸ் மரத்தின் நிழலுக்கு நகர்த்தினாள்.